மாசு குறைந்த ஊர்திகளும் பட்டறைத் தொழிலாளர் பயிற்சியும்

முன்னுரை

2018ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 23, 24 ஆகிய இரு நாள்களும் விருதுநகர் மாவட்டத்தார் நினைவிற் கொள்ளத்தக்கவை. 23ஆம் நாள், மாசு குறைந்த பசுமைப் பட்டாசுகளையே செய்தலும் விற்றலும் வேண்டும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுநாள், 2020 ஏப்ரல் முதல் நாள் தொட்டு 'பாரத் நிலை நான்கு' ஊர்திகளை நாட்டில் எங்கும் விற்றலும் பதிவு செய்தலும் கூடாது. 'பாரத் நிலை ஆறு' என்னும் கடுமையான அளவுக்கு உட்பட்டவையே விற்கப்பட வேண்டும் என்று அதே நீதிமன்றம் ஆணையிட்டது.

முதல் தீர்ப்பு சிவகாசியின் தெருவெல்லாம் பேசப்பட்டது. இரண்டாம் தீர்ப்பு அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஆயினும் மதுரைச் சாலையிலும் சாத்தூர்ச் சாலையிலும் கையில் ஸ்பேனரோடு நாள்தோறும் உழைக்கும் தொழிலாளரின் பிழைப்பை மாற்றிய ஆணை அதுவே. பட்டாசுக்கு வந்த மாற்றமும் ஊர்திக்கு வந்த மாற்றமும் ஒரே நோக்கம் உடையவை. மக்கள் மூச்சில் கலக்கும் நச்சினைக் குறைப்பதே அந்நோக்கம். நோக்கம் நன்றே. ஆனால் சட்டம் ஒரு நாளில் மாறிவிடும். தொழிலாளியின் கைப்பழக்கம் ஒரு நாளில் மாறாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்கும் பாலமே பயிற்சி. அப்பயிற்சி எத்தன்மையது, யாருக்கு வேண்டும், எம்மொழியில் வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஊர்தி மாறிய வரலாறு

நம் பகுதித் தொழிலாளர்க்குப் புதிய எரிபொருள் கற்பது புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்குப் பெருந்தட்டுப்பாடு நேர்ந்தது. அப்போது மதுரையில் தலைமையிடம் கொண்டிருந்த டி.வி.எஸ். நிறுவனம், கரியை எரித்து வாயு உண்டாக்கும் கலத்தைச் செய்து பேருந்துகளை ஓட வைத்தது. பெட்ரோல் வண்டியை மட்டுமே அறிந்திருந்த ஓட்டுநரும் மெக்கானிக்கும் கரி அடுப்பு மூட்டவும் சாம்பல் அகற்றவும் கற்றுக்கொண்டனர். தேவை நேர்ந்தால் தொழிலாளி கற்பான் என்பதற்கு அஃது ஒரு சான்று.

ஊர்திப் புகைக்கு நம் நாட்டில் அளவு விதிக்கப்பட்டது 1991ஆம் ஆண்டில், பெட்ரோல் வண்டிகளுக்காகும். டீசல் வண்டிகளுக்கு 1992இல் அளவு வந்தது. 1995இல் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோலும், புகையைத் தூய்மை செய்யும் வினையூக்கி மாற்றியும் அறிமுகமாயின. 2000ஆம் ஆண்டில் நாடெங்கும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. பின்னர்ப் பாரத் நிலை என்னும் படிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2017 ஏப்ரலில் நான்காம் நிலை நாடு முழுமைக்கும் வந்தது. ஐந்தாம் நிலையைத் தாண்டி, 2020 ஏப்ரலில் நேரே ஆறாம் நிலை வந்தது. எரிபொருளில் இருக்கக்கூடிய கந்தகம் பத்து இலட்சம் பங்கில் 50 என்பதிலிருந்து 10 ஆகக் குறைந்தது. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள், நுண்துகள் ஆகிய நான்குமே இவ்விதிகள் கட்டுப்படுத்தும் முதன்மை மாசுகளாகும்.

இதற்கு அடுத்த படியே மின்சார ஊர்தி. 2015இல் 'ஃபேம்' திட்டமும், 2019இல் அதன் இரண்டாம் கட்டமும், 2024இல் 'பி.எம். இ-டிரைவ்' திட்டமும் நடுவணரசால் தொடங்கப்பெற்றன. தமிழக அரசு 2019இல் மின் ஊர்திக் கொள்கையை வெளியிட்டு, 2023இல் அதனைப் புதுப்பித்தது. 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. சென்னையில் தொடங்கியது நம் ஊர்ப் பேருந்து நிலையத்திற்கு வந்து சேரும் நாளும் வரவே செய்யும்.

செவியறிவும் கருவியறிவும்

பழைய பட்டறையில் தேர்ந்த மெக்கானிக்கின் முதற்கருவி அவர்தம் செவியே. வண்டியின் உறுமலைக் கேட்டே பிளக்கில் குறையா, பாயிண்ட்டில் குறையா, கார்புரேட்டரில் அடைப்பா என்று சொல்லிவிடுவார். ஒரு திருப்புளியால் காற்றுத் திருகைக் கால் சுற்றுத் திருப்பிச் சரி செய்வார். ஆண்டுக்கணக்கில் ஆசானின் அருகிருந்து பெற்ற கலை இது. இதனைக் குறைவாக மதிப்பிடுதல் தகாது.

ஆறாம் நிலை ஊர்தியில் எரிபொருள் அளவை முடிவு செய்வது திருகன்று. மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியாகும். காற்றின் அளவு, வெப்பம், புகையில் எஞ்சிய ஆக்சிஜன் ஆகியவற்றைச் சென்சார்கள் அளந்து சொல்ல, அப்பெட்டி கணக்கிட்டு இன்ஜெக்டர் வழியே பெட்ரோலைத் தெளிக்கிறது. குறை நேர்ந்தால் வண்டியே ஒரு குறியெண்ணைப் பதிந்து வைத்துக்கொள்ளும். ஸ்கேனர் என்னும் கருவியைப் பொருத்தினால் அவ்வெண்ணைப் படிக்கலாம். ஆனால் அந்த எண் நோயின் பெயரன்று, நோயின் அறிகுறியே. ஆக்சிஜன் சென்சார் குறை என்று எண் வந்தால், சென்சாரே பழுதாகியிருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், புகைக்குழாயில் ஓட்டை இருக்கலாம். எது என்று தேர்ந்து கூற, பழைய செவியறிவும் வேண்டும், புதிய கருவியறிவும் வேண்டும். எண்ணைக் கண்டவுடன் சென்சாரை மாற்றுபவர் வாடிக்கையாளரின் பணத்தை வீணடிக்கிறார். எண்ணையே படிக்க இயலாதவர் வாடிக்கையாளரையே இழக்கிறார்.

டீசல் வண்டியிலோ நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும், நைட்ரஜன் ஆக்சைடை முறிக்கும் யூரியாக் கரைசலும் சேர்ந்துள்ளன. இக்கரைசலில் யூரியா 32.5 விழுக்காடு, எஞ்சியது தூய நீர். வயலுக்கு இடும் யூரியாவைக் குழாய் நீரில் கரைத்து ஊற்றினால் அமைப்பே கெட்டுவிடும். வடிகட்டி அடைத்துக்கொண்டால், வண்டியைச் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட்டி அதனுள் தேங்கிய கரியை எரித்துவிட வேண்டும். இதனை அறியாதவர் செய்வதென்ன? வடிகட்டியையே குடைந்து எறிந்துவிடுவார். சென்சாரின் இணைப்பைத் துண்டித்துவிடுவார். வண்டி ஓடும், புகையும் பழையபடி வெளிவரும். எனவே, சட்டம் குறைத்த புகையைப் பயிற்சியின்மை மீண்டும் கூட்டிவிடுகிறது. ஆலையில் செய்த நன்மை பட்டறையில் அழிந்துபோகிறது. தொழிலாளர் பயிற்சி என்பது தொழிலாளரின் நலன் மட்டுமன்று, ஊராரின் உடல்நலனும் ஆகும் என்பது இதனால் விளங்கும்.

பட்டாசுத் தொழில் தரும் பாடம்

சிவகாசியின் தொழில் வரலாறே ஒரு பயிற்சிப் பயணத்தில் தொடங்கியது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று மறு ஆண்டில் ஊர் திரும்பினர். மழை பொய்த்த கரிசல் மண்ணில் தீப்பெட்டியும், பட்டாசும், அச்சும் தழைத்தமைக்கு அவ்விருவர் கற்று வந்த கல்வியே வித்து. முதலுக்கு முன்னே கல்வி என்பது இவ்வூர் உலகிற்குக் காட்டிய பாடமாகும்.

2018ஆம் ஆண்டுத் தீர்ப்பின்போது அந்த வரிசை தலைகீழாயிற்று. பசுமைப் பட்டாசையே செய்க என்றும், பேரியம் உப்புகளைப் பயன்படுத்தற்க என்றும், சரவெடி கூடாது என்றும் ஆணை பிறந்தது. ஆனால் பசுமைப் பட்டாசின் செய்முறை அன்று தொழிற்சாலைகளின் கைக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. ஆலைகள் பல மாதங்கள் மூடிக் கிடந்தன; கூலித் தொழிலாளர் வேலையின்றி வாடினர். நீரி எனப்படும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்னும் பசுமை முறைகளை உருவாக்கியது. நுண்துகளைக் குறைந்தது 30 விழுக்காடு குறைக்கும் இப்பட்டாசுகள் 2019 அக்டோபரில் நாட்டுக்கு அறிமுகம் செய்யப்பட்டன. தீர்ப்பிற்கும் அறிமுகத்திற்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு கழிந்தது. அந்த ஓராண்டின் சுமையைப் பெரும்பாலும் சுமந்தவர் மருந்து கலப்பவரும், குழாய் உருட்டுபவரும், திரி செருகுபவரும் ஆவர்.

இதில் ஊர்தித் தொழிலுக்கு ஒரு பாடம் உண்டு. மாற்றத்தின் நாள் முன்கூட்டியே தெரியுமாயின், பயிற்சி அந்நாளுக்கு முன்னரே தொடங்க வேண்டும். ஆறாம் நிலைக்கு ஊர்தி நிறுவனங்கள் முன்கூட்டியே ஆயத்தமாயின. தம் சர்வீஸ் நிலையப் பணியாளரைப் பழக்கின. வழியோரப் பட்டறைக்காரரை அவ்வாறு பழக்கும் கடமை எவருடையது என்று வரையறுக்கப்படவில்லை.

மற்றொரு பாடமும் உண்டு. அது பாதுகாப்பைப் பற்றியது. பட்டாசு ஆலையின் அறைக்குள் நுழையுமுன் தொழிலாளி செப்புத் தகட்டைத் தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். பொறி எழுப்பும் இரும்புக் கருவி உள்ளே கூடாது. அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்னும் வரம்பு மீறலாகாது. இவ்விதிகள் ஏட்டில் இருந்து, நடைமுறையில் இல்லாத இடங்களில் நேர்ந்தவற்றை நாம் அறிவோம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடக்கி வைத்த ஆற்றலோடு பழகும் தொழிலில் அறியாமைக்கு விலை உயிரே என்பதை இம்மாவட்டத்திற்கு எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஆற்றல்

மின் ஊர்தியும் அத்தகைய அடக்கி வைத்த ஆற்றலே. பெட்ரோல் கசிந்தால் மணம் காட்டிக்கொடுக்கும்; இயந்திரம் ஓடினால் ஓசை காட்டிக்கொடுக்கும். மின்கலத்திற்கு மணமும் இல்லை, ஓசையும் இல்லை. மின் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 48 முதல் 72 வோல்ட் வரை உடையவை. மின்சாரக் கார்களில் 300, 400 வோல்ட்டும் அதற்கு மேலும் உண்டு. நேர் மின்னோட்டத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே ஊர்தித் துறையில் அதனை உயர் மின்னழுத்தமாகக் கருதிக் கையாளுவர்.

ஆகவே மின் ஊர்திப் பயிற்சியின் முதற்பாடம் பழுது பார்த்தலன்று, மின்சாரத்தைத் துண்டித்தலே. அதன் முறை வருமாறு: கார்களில் உயர் மின்னழுத்தக் கம்பி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் என்பதை அறிந்து, அதனைத் தொடாதிருத்தல், மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைத்தல், வண்டியை நிறுத்திச் சாவியை அப்பால் வைத்தல், 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர்க் கையுறையில் காற்றடைத்துத் துளை உண்டா என நோக்கி அணிதல், இணைப்புத் துண்டிப்பானைக் கழற்றி, வேறொருவர் மீண்டும் செருகாதபடி தம்மிடமே வைத்துக்கொள்ளுதல், உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடியும் வரை, செய்த நிறுவனம் கூறும் நிமிடங்கள் காத்திருத்தல், இறுதியாக மீட்டரால் அளந்து, மின்னழுத்தம் இல்லை என உறுதி செய்தல். இத்தனையும் முடிந்த பின்னரே கருவியைக் கையில் எடுக்க வேண்டும். செப்புத் தகட்டைத் தொட்டு அறைக்குள் நுழையும் பட்டாசுத் தொழிலாளியின் ஒழுங்கிற்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை.

மின்கலத்தில் தீப்பற்றினால் அதன் தன்மையும் வேறாம். ஓர் அறையில் மிகுந்த வெப்பம் அடுத்த அறைக்குத் தாவித் தொடர்ந்து பற்றும். அணைந்ததுபோல் தோன்றி மீண்டும் எழும். 2022 மார்ச்சில் வேலூரில் மின் ஸ்கூட்டருக்கு இரவில் மின்னேற்றம் செய்தபோது தீப்பற்றி, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அவ்வாண்டு நிகழ்ந்த இத்தகைய விபத்துகளின் பின்னரே மின்கலப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. அடிபட்ட மின்கலத்தைப் பிரித்துப் பார்க்காமல், ஆட்கள் புழங்கும் இடத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்பது பட்டறையில் பணியாற்றும் கடைசி உதவியாளருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும்.

யாருக்கு எவ்வளவு பயிற்சி?

எல்லோர்க்கும் ஒரே பயிற்சி வேண்டும் என்பதில்லை. பிரித்தானிய நாட்டில் மின் ஊர்திப் பயிற்சியை நான்கு படிகளாக வகுத்துள்ளனர். முதற்படி, இடர் அறிதல்; வண்டி கழுவுபவர், இழுத்துச் செல்பவர், விற்பனையாளர் ஆகியோர்க்கு உரியது. இரண்டாம் படி, உயர் மின்னழுத்தப் பகுதியைத் தொடாத வழக்கமான பராமரிப்பு. மூன்றாம் படி, மின்சாரத்தைத் துண்டித்துப் பழுது பார்த்தல். நான்காம் படி, மின்னோட்டம் உள்ளபோதே ஆய்ந்து சீர் செய்தல். இப்பகுப்பு நமக்கும் பொருந்தும். டயர், பிரேக், சஸ்பென்ஷன், உடற்பகுதி, வண்ணம் பூசுதல் ஆகியன மின் ஊர்தியிலும் உண்டு. இவற்றைச் செய்பவர்க்கு முதலிரு படிகளே போதும். எஞ்சின் ஆயில் மாற்றுதல், கிளட்ச் பிரித்தல், சைலன்சர், ரேடியேட்டர் வேலைகளையே நம்பியிருப்பவர்க்கு மூன்றாம் படி வரை பயிற்சி வேண்டும். அன்றேல் அவர்தம் வருவாய் ஆண்டுதோறும் தேயும்.

எனினும் அச்சத்திற்கு இடமில்லை. இன்று விற்கும் பெட்ரோல் வண்டிக்குப் பதிவுக் காலமே பதினைந்து ஆண்டுகள். பழைய தொழில் நாளையே மறையாது. கற்பதற்குக் காலம் உண்டு. வீணாக்குவதற்குத்தான் காலம் இல்லை.

திறந்துள்ள வாயில்கள்

1950இல் தொடங்கப்பெற்ற கைவினைஞர் பயிற்சித் திட்டமே நம் நாட்டு ஐ.டி.ஐ. கல்வியின் அடித்தளம். விருதுநகரில் பிறந்த பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராயிருந்த 1954 முதல் 1963 வரையான காலத்தில் தொழிற்கல்வி தமிழகத்தில் பரவலாயிற்று. இன்று அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக், டீசல் மெக்கானிக் ஆகியவற்றோடு மின் ஊர்தி மெக்கானிக் என்னும் ஈராண்டுப் பிரிவும் சேர்ந்துள்ளது. 2022இல் தமிழக அரசு டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, 71 அரசு ஐ.டி.ஐ.க்களை ஏறத்தாழ ரூ.2,877 கோடியில் புதிய தொழில்நுட்ப மையங்களாக உயர்த்தும் பணியை மேற்கொண்டது. மாணவர்க்குக் கட்டணமில்லை, மாதம் ரூ.750 உதவித்தொகையும் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்த இளைஞர்க்கு இது நல்வாயில்.

முன்னாளில் பத்து வயதுச் சிறுவன் பட்டறையில் சேர்ந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே மெக்கானிக் ஆனான். சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளின் குழந்தைத் தொழிலாளர் பற்றி 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் அவ்வழியை அடைத்துவிட்டன. அடைத்தது அறமே. ஆதலின் அச்சிறுவன் பட்டறையில் பெற்ற கல்வியைப் பள்ளிக்குப் பின் பெறுவதற்கு ஐ.டி.ஐ. ஒன்றே பெருவழியாகிறது.

ஆனால் நாற்பது வயதை எட்டிய மெக்கானிக்கின் நிலை என்ன? அவரிடம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாதிருக்கலாம். ஈராண்டு பட்டறையை மூடிவிட்டு வகுப்பில் அமர அவரால் இயலாது. அன்றாட வருவாயில் நடக்கும் குடும்பம் அவருடையது. இத்தகையோர்க்காகவே 2015இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் 'முன்கற்றலை ஏற்றல்' என்னும் முறை வகுக்கப்பட்டது. ஏட்டில் படியாது கையால் கற்றதைச் சோதித்து, குறுகிய பயிற்சியால் நிரப்பிச் சான்றளிப்பது இதன் முறை. இவ்வாயிலைப் பற்றி நம் பட்டறைக்காரர்க்கு எடுத்துரைக்க வேண்டியது கற்றோர் கடமையாகும்.

2015ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையின் முகவுரையிலேயே, தொழிலாளர்க்கு நியாயமான மாற்றம் வேண்டும் என்னும் கருத்து இடம்பெற்றுள்ளது. அக்கொள்கை நம் ஊரில் மெய்யாக வேண்டுமாயின் மூன்று செயல்கள் வேண்டும். ஒன்று, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் ஆகியவற்றின் பயிற்சிக் கூடங்களை மாலையிலும் வார விடுமுறையிலும் பட்டறைத் தொழிலாளர்க்குத் திறந்துவிடுதல். இரண்டு, ஸ்கேனர், காப்புக் கையுறை போன்றவற்றைத் தனித்தனியே வாங்க இயலாத சிறு பட்டறைகள் சங்கமாகக் கூடிப் பொதுவில் வாங்கிக்கொள்ளுதல். மகமை என்னும் பெயரால் சிறுதொகை திரட்டிப் பள்ளிகளும் கல்லூரிகளும் எழுப்பிய மண் இது; இவ்வழக்கம் இங்கே புதிதன்று. மூன்று, பாடத்தைத் தாய்மொழியில் தருதல்.

தமிழ் கற்றோர் பங்கு

இம்மூன்றாவதே தமிழ்த்துறை மலரில் இப்பொருளை எழுதத் தூண்டியது. ஸ்கேனர் காட்டும் சொற்கள் ஆங்கிலம். நிறுவனக் கையேடுகள் பலவும் ஆங்கிலம். படிக்க இயலாத எச்சரிக்கை, எச்சரிக்கை ஆகாது. 1986இல் ஜெர்மன் நாட்டு உதவியோடு சென்னையில் நிறுவப்பெற்ற தேசியப் பயிற்றுக் கருவி நிறுவனம், ஐ.டி.ஐ. பாடநூல்களைத் தமிழிலும் வெளியிட்டு வருகிறது. அது நற்பணி. ஆனால் அந்நூல்கள் வகுப்பறை மாணவர்க்கு உரியவை. பட்டறைச் சுவரில் ஒட்டத்தக்க ஒரு பக்க எச்சரிக்கையும், சட்டைப் பையில் வைக்கத்தக்க சிறு கையேடும் வேண்டும்.

அவற்றை எழுதுங்கால் சொல்லாக்கத்தில் கருத்து வேண்டும். பட்டறையில் வழங்கும் பிளக், கிளட்ச், சென்சார் என்னும் சொற்களை நீக்கி, எவரும் அறியாத தனிச்சொல்லைப் புகுத்தினால் கையேடு அலமாரியில் உறங்கும். தெரிந்த சொல்லை அப்படியே வைத்து, அறியாத கருத்தைத் தெளிந்த தமிழில் விளக்குவதே முறை. 'பேட்டரியைத் துண்டித்த பின் காத்திரு, மீட்டரால் அளந்து பார், பிறகு தொடு' என்னும் எளிய வாக்கியம் ஓர் உயிரைக் காக்கும். இயற்பியல் மாணவரும் தமிழ் மாணவரும் ஒரு மெக்கானிக்கோடு அமர்ந்து எழுதினால் ஒரு பருவ விடுமுறைக்குள் அத்தகைய கையேடு உருவாகிவிடும்.

முடிவுரை

மாசு குறைந்த ஊர்தி என்பது தொழிற்சாலையில் பிறந்து, பட்டறையில் வளர்வது. அதனைப் பேணும் கைகள் அறிவு பெறாவிடின் அது மீண்டும் புகை கக்கும். அன்றேல் பேணிய கையையே சுடும். பட்டாசுத் தொழிலில் ஆணை முன்னும் பயிற்சி பின்னுமாக வந்ததன் துன்பத்தை இம்மாவட்டம் ஒருமுறை பட்டுவிட்டது. ஊர்தித் தொழிலில் அது மீண்டும் நேர வேண்டியதில்லை. கல்கத்தாவுக்குச் சென்று கற்று வந்த இருவரால் ஓர் ஊர் வாழ்ந்தது. இன்று கற்கத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. மாவட்டத்திற்குள்ளேயே பயிற்சிக் கூடங்கள் உள்ளன. அவற்றின் கதவை உழைப்போர்க்கு உரிய நேரத்தில், உரிய மொழியில் திறந்துவிடுதல் ஆசிரியர், மாணவர், ஊர்ப் பெரியோர் ஆகிய நம் அனைவரின் பொறுப்பாகும்.